ரோட்டுக்கு அந்தாண்ட ஒரு பைன்ட்

(சென்னையில் நடந்த வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



இரண்டு வருடம் லண்டனில் வேலை பார்த்துவிட்டு வந்திருக்கிறேன் என்றதும், "அங்கே பார்த்ததைப் பற்றி ஏதாவது பேசுங்கள்" என்று தோழர்கள் கேட்டார்கள். புரட்சியாளர் அம்பேத்கர் தங்கியிருந்த கிங் ஹென்றிஸ் சாலை வீட்டைப் பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அந்த வீட்டுக்கும் போனேன். படியில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டேன். ஆனால் இன்றைக்கு நான் பேசப்போவது அந்த வீட்டைப் பற்றி இல்லை. ஒரு பப்பைப் பற்றி. அதாவது ஒரு மதுக்கடையைப் பற்றி.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் சிரிப்பு முடிந்ததும் ஒரு கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். 1956இல் நாக்பூரில் அம்பேத்கர் தம் மக்களுக்குச் செய்துவைத்த 22 உறுதிமொழிகளில் மது அருந்தமாட்டேன் என்பதும் ஒன்று. அந்த மனிதரின் பெயரைச் சொல்லிக் கூடியிருக்கும் இடத்தில் பீரைப் பற்றிப் பேசலாமா?

அந்தக் கேள்வி சரியான கேள்வி. நான் விழுப்புரம் பக்கத்துக்காரன். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். பெரும்பாலும் நம் மக்கள், அன்றாடம் கூலி வேலைக்குப் போகிறவர்கள். அந்தச் செய்தி வந்த நாளில் நான் லண்டனில் இருந்தேன். அன்றைக்கு என் ஆபீஸில், "உங்க ஊர்ல ஏன் இப்படிக் கண்டதைக் குடிக்கிறாங்க?" என்று ஒரு தமிழர் என்னைக் கேட்டார். அவர் வாரம் தவறாமல் வெள்ளிக்கிழமை பப்புக்குப் போகிறவர். அவர் குடித்தால் அது ரசனை. மூட்டை தூக்கிவிட்டு வருகிறவன் குடித்தால் அது ஒழுக்கக்கேடு. இந்த இரட்டைக் கணக்கைப் புரிந்துகொள்ளாமல் மதுவைப் பற்றி நாம் பேச முடியாது. ஆகவே, நான் மதுவைப் புகழ வரவில்லை. யாரோடு உட்கார்ந்து குடிக்கலாம், யார் கையால் வாங்கிக் குடிக்கலாம் என்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அது தண்ணீரானாலும், டீயானாலும், பீரானாலும் ஒரே கேள்விதான்.

சரி, கடைக்குள் போவோம்.

கிழக்கு லண்டனில், இரண்டு தெரு சந்திக்கிற மூலையில் இருக்கிறது அந்தப் பப். பெயர் வேண்டாம், கடைக்காரர்மேல் எனக்கு ஒரு புகாரும் இல்லை. நூறு வருடத்துக்கு மேலான செங்கல் கட்டடம். கீழ்த்தளத்துச் சுவரில் கரும்பச்சை டைல்ஸ். பெரிய பெரிய கண்ணாடி ஜன்னல். ஒரு காலத்தில் துறைமுகத் தொழிலாளியும் தையல்காரரும் வந்து உட்கார்ந்த இடமாம். இப்போது லேப்டாப் பையோடு வருகிறவர்கள்தான் அதிகம். கரும்பலகையில் சாக்பீஸால் பீர்களின் பெயரை எழுதிப்போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு மேசையிலும் ஒரு ஜாடியில் ஒற்றைப் பூ. வாசலில் நாய்க்குத் தண்ணீர்க் கிண்ணம். உங்களுக்குப் புரியும்படி சொன்னால், ரீல்ஸில் வருகிற கடை.

முதலில் பீர். நம் ஊரில் பீர் என்றால் ஐஸ் மாதிரிக் குளிர்ந்திருக்க வேண்டும், நுரை பொங்க வேண்டும். அங்கே 'காஸ்க் ஏல்' என்று ஒன்று. பீப்பாய்க்குள் ஈஸ்ட் உயிரோடு இருக்கும், பீர் உள்ளேயே பக்குவமாகும். கடைக்கு அடியில் நிலவறையில் 11 முதல் 13 டிகிரி வரை வைத்திருப்பார்கள். வெளியிலிருந்து வாயு ஏற்றுவதில்லை. கவுன்ட்டரில் நீளமான கைப்பிடி இருக்கும். நம் ஊர் அடிபம்பு மாதிரி இழுத்து இழுத்துத்தான் ஊற்றுவார்கள். பீப்பாயைத் திறந்தால் சில நாளில் தீர்த்துவிட வேண்டும், இல்லையென்றால் புளித்துப்போகும். பெரிய கம்பெனிகள் வாயு ஏற்றிய பீரைக் கொண்டுவந்து இதை ஒழிக்கப் பார்த்தபோது, 1971இல் குடிக்கிறவர்களே ஒரு இயக்கம் கட்டி இதைக் காப்பாற்றினார்கள். எதற்கெல்லாம் இயக்கம் கட்டியிருக்கிறார்கள் பாருங்கள்.

முதல் வாய் குடித்தபோது, "என்னடா, ஆறிப்போன கஷாயம் மாதிரி இருக்கு" என்றுதான் தோன்றியது. பாதிக் கிளாஸில் அது பிடிபட்டது. பிட்டர் என்பார்கள், பெயரே கசப்புதான். முதலில் வறுத்த தானிய வாசம், நடுவில் லேசான இனிப்பு, கடைசியில் நாக்கின் பின்பக்கம் நிற்கிற ஒரு கசப்பு. பாகற்காய் தெரிந்த நாக்குக்கு அது அந்நியம் இல்லை. பத்துக்கு எட்டு கொடுப்பேன்.

பக்கத்துக் குழாயில் ஐ.பி.ஏ. விரித்தால் இந்தியா பேல் ஏல். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கு லண்டனின் போ பகுதியில் ஹாட்ஜ்சன் என்பவரின் ஆலையிலிருந்து, கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் பீர் இந்தியாவுக்கு ஏறியது. ஹாப்ஸ் அதிகம் போட்ட, கடல் பயணத்தைத் தாங்கிய அந்தப் பீரிலிருந்து வந்த பெயர் இது. கம்பெனி அதிகாரிகள் குடித்தார்கள். பெயரில் இந்தியா உண்டு, ஆனால் அது இந்தியர்களுக்காகப் போன சரக்கு இல்லை. பழரச வாசனையோடு இப்போது செய்கிறார்கள். எனக்கு ஆறு மார்க்குக்கு மேல் போட மனம் வரவில்லை.

மூன்றாவது, போர்ட்டர். கறுப்பு பீர். வறுத்த காப்பிக்கொட்டை வாசம். 18ஆம் நூற்றாண்டு லண்டன் தெருக்களில் மூட்டை சுமந்த போர்ட்டர்கள் விரும்பிக் குடித்ததால் அந்தப் பெயர். இந்த இடத்தில் நான் கிளாஸை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தேன். ஒரு சமூகம் தன் மதுவுக்கு மூட்டை தூக்குகிறவனின் பெயரை வைத்திருக்கிறது. சீமான்களும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கேட்டு வாங்கிக் குடித்திருக்கிறார்கள். நம் ஊரில் என்ன நடந்தது? பனையேறிக் கள் இறக்கியவனின் தொழிலையே அவன்மேல் தீட்டாக எழுதிவைத்தோம். கமுதிக் கோயிலுக்குள் நுழைந்த நாடார்கள்மேல் வழக்குப் போட்டார்கள். அந்த வழக்கு மதுரையில் நடந்து, சென்னை உயர்நீதிமன்றத்தில் நடந்து, கடைசியில் எங்கே போனது தெரியுமா? இதே லண்டனுக்கு, பிரிவி கவுன்சிலுக்கு. 1908இல் அங்கே உட்கார்ந்திருந்த வெள்ளைக்கார நீதிபதிகள், நுழைய உரிமை இல்லை என்ற தீர்ப்பையே உறுதி செய்தார்கள். போர்ட்டர் பீரை ஊற்றிக் குடிக்கிற ஊரிலிருந்துதான் அந்தத் தீர்ப்பு வந்தது. வெள்ளைக்காரன் வந்து சாதியை ஒழித்தான் என்று யாராவது சொன்னால் இதை ஞாபகப்படுத்துங்கள்.

அடுத்து, சூழல்.

ஜார்ஜ் ஆர்வெல் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பீகாரில் மோதிஹாரியில் பிறந்தவர். 1946 பிப்ரவரியில் 'ஈவினிங் ஸ்டாண்டர்ட்' பத்திரிகையில் தனக்குப் பிடித்த பப்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 'மூன் அண்டர் வாட்டர்' என்று பெயர். ஒரு பப் பிடித்துப்போவதற்குக் காரணம் பீரைவிட அதன் சூழல்தான் என்கிறார். பேசுகிற அளவுக்கு அமைதி வேண்டும், பரிமாறுகிறவர்களுக்கு வருகிறவர்களைத் தெரிந்திருக்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, கடைசியில், அப்படி ஒரு பப்பே கிடையாது, கற்பனை என்று முடிக்கிறார். நல்ல கட்டுரைதான். ஆனால் அதில் ஒன்று என் கண்ணில் பட்டது. அவருடைய கற்பனைப் பப்பிலும் தடுப்பு இருக்கிறது. பொது அறை ஒன்று, கொஞ்சம் வசதியான சலூன் அறை ஒன்று, பெண்களுக்கு ஒன்று. சமத்துவம் பேசிய மனிதரின் கனவிலும் அறைகள் தனித்தனி.

அது அவர் குற்றம் இல்லை. அந்தக் காலத்துப் பப்புகள் அப்படித்தான். தொழிலாளிக்கு மரப்பெஞ்சு போட்ட பொது அறை. கொஞ்சம் காசு உள்ளவருக்கு மெத்தை வைத்த அறை, அங்கே அதே பீருக்கு விலை கூட. ப்ளூம்ஸ்பரியில் 'தி லாம்ப்' என்ற பப்பில் இன்றும் ஒன்றைப் பார்க்கலாம். கவுன்ட்டர் மேலே, முகத்துக்கு நேராகச் சின்னச் சின்னக் கண்ணாடித் தட்டிகள். திருப்பி மூடிக்கொள்ளலாம். எதிர்ப்பக்கம் நிற்கிறவன் முகம் தெரியாது, உங்கள் முகமும் அவனுக்குத் தெரியாது. பீர் மட்டும் கைக்கு வரும். அழகான கண்ணாடி வேலைப்பாடு. அதைப் பார்த்ததும் எனக்கு அழகு தோன்றவில்லை. எங்கள் ஊர் டீக்கடையில் பின்பக்கம் இருந்த சின்ன ஜன்னல்தான் ஞாபகம் வந்தது.

நான் சொல்கிற மூலைப் பப்பில் இந்தத் தடுப்புகளையெல்லாம் எடுத்துவிட்டார்கள். ஒரே கூடம். யார் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். ஆனால் ஒரு பைன்ட், அதாவது 568 மில்லி, ஆறு பவுண்டு எண்பது பென்ஸ். நம் காசுக்கு எழுநூறு ரூபாய்க்கு மேல். அந்தத் தெருவில் குப்பை அள்ளுகிறவரோ, பப்பின் சமையற்கட்டில் பாத்திரம் கழுவுகிறவரோ உள்ளே வந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மரத் தடுப்பை எடுத்துவிட்டார்கள், விலைத் தடுப்பை வைத்துவிட்டார்கள். சூழலுக்கு ஏழு மார்க். அந்த ஏழும் ஒரு காரணத்துக்காகத்தான் போட்டேன். கிளாஸ்.

என் தாத்தாவுக்கு எரவாணத்தில் செருகியிருந்த கொட்டாங்குச்சியில் டீ ஊற்றினார்கள். என் அப்பாவுக்குத் தனியாக ஒரு அலுமினிய டம்ளர். குடித்துவிட்டு அவரே கழுவி, அதற்கென்று இருந்த இடத்தில் கவிழ்த்து வைக்க வேண்டும். நான் பள்ளிக்கூடம் போகும்போது இரட்டைக் குவளைகளை உடைக்கிற போராட்டங்கள் நடந்திருந்தன, சட்டம் வரும் என்ற பயமும் இருந்தது. அதனால் எங்களுக்குத் தூக்கிப்போடுகிற பிளாஸ்டிக் கப் கொடுத்தார்கள். "சுத்தம் தம்பி, ஹைஜீன்" என்றார் கடைக்காரர். சாலைக்கு அந்தப் பக்கத்து ஆட்கள் எல்லாருக்கும் ஹைஜீன், ஊர்க்காரர்களுக்குக் கண்ணாடி கிளாஸ்.

அந்தப் பப்பில் முதல் நாள் குடித்து முடித்ததும், காலி கிளாஸை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றேன். எங்கே கொண்டுபோகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. கை தானாகக் கழுவுகிற இடத்தைத் தேடியது. கவுன்ட்டரில் இருந்த பெண் சிரித்தபடி கை நீட்டி வாங்கி, மற்ற கிளாஸ்களோடு ஒரே தட்டில் வைத்து மெஷினுக்குள் தள்ளினார். "சியர்ஸ்" என்றார். அங்கே அது நன்றி சொல்கிற வார்த்தையும்தான். கிளாஸைத் திருப்பிக் கொடுப்பது அங்கே மரியாதை, நல்ல பழக்கம். என் அப்பாவுக்கு அது தண்டனையாக இருந்தது. அந்தப் பெண்ணுக்கு இது எதுவும் தெரியாது. அவர் என்னை ஒரு நல்ல பழக்கமுள்ள பையன் என்று நினைத்திருப்பார்.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். நான், என் அறை நண்பன், அவன் ஆபீஸில் ஒருத்தன், அப்புறம் அவர்களுக்குத் தெரிந்த ஒரு அண்ணன். நாலு பேரும் தமிழ்நாடு. அந்த அண்ணனுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். இருபது வருடமாக லண்டனில் இருப்பவர். நல்ல மனிதர், அதையும் சொல்ல வேண்டும். புதிதாக வருகிற பையன்களுக்கு வீடு பார்த்துக் கொடுப்பார், விசா சிக்கல் என்றால் ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் போன் எடுப்பார்.

அங்கே 'ரவுண்டு' என்று ஒரு வழக்கம். ஒரு சுற்றுக்கு ஒருத்தர் எழுந்துபோய் மேசையில் இருக்கிற எல்லாருக்கும் வாங்கி வருவார். அடுத்த சுற்று அடுத்தவர். கணக்கு எழுதுவதில்லை. வாங்கிக் குடித்தவன் வாங்கிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். எனக்கு மிகவும் பிடித்த வழக்கம். முதல் ரவுண்டு அண்ணன் வாங்கினார். இரண்டாவது என் நண்பன். மூன்றாவது என் முறை.

இரண்டாவது ரவுண்டு ஓடும்போது அண்ணன் ஒரு கதை சொன்னார். வந்த புதிதில் பஸ்ஸில் ஒரு கும்பல் அவரைப் பார்த்து "பாக்கி" என்று கத்தியதாம். மேலே தண்ணீரை ஊற்றினார்களாம். சொல்லும்போது இருபது வருடம் கழித்தும் அவர் குரல் மாறியது. எனக்குத் தொண்டையை அடைத்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அப்புறம் பேச்சு ஊர்ப்பக்கம் திரும்பியது.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"விழுப்புரம் பக்கம்ணா."

"விழுப்புரத்துல எங்க?"

ஊர்ப் பெயரைச் சொன்னேன்.

"அட, அந்த ஊரு எனக்கு நல்லாத் தெரியுமே! எங்க பெரியம்மாவ அங்கதான் குடுத்திருக்கு. ரோட்டுக்கு இந்தாண்டயா, அந்தாண்டயா?"

தோழர்களே, இந்தக் கேள்வியை லண்டன்காரன் யாருக்காவது மொழிபெயர்த்துக் காட்டுங்கள். முகவரி கேட்கிறார் என்றுதான் நினைப்பான். இங்கே உட்கார்ந்திருக்கிற உங்கள் ஒருவருக்கும் விளக்கம் தேவையில்லை. ரோட்டுக்கு இந்தாண்ட ஊர். அந்தாண்ட நாங்கள்.

பொய் சொல்லியிருக்கலாம். இதற்கு முன்னால் சொல்லியிருக்கிறேன். காலேஜில் மூன்று வருடம் "விழுப்புரம் டவுன்" என்றே ஓட்டினேன். அன்றைக்குப் பஸ் கதையைக் கேட்ட நெகிழ்ச்சியோ, போர்ட்டர் கொடுத்த தைரியமோ, "அந்தாண்டண்ணா" என்றேன்.

"ஓ. சரி சரி" என்றார். முகம் மாறவில்லை. சிரிப்புகூட அப்படியே இருந்தது. மழை எப்படி, பயிர் எப்படி என்று கேட்டார். நான் எழுந்தேன். "என் ரவுண்டு. எல்லாருக்கும் அதேதானே?"

அவர் கிளாஸ் வாய்மேல் உள்ளங்கையை வைத்து மூடினார். "எனக்குப் போதும் தம்பி. காலைல வேலை இருக்கு."

மூன்று பைன்ட் வாங்கி வந்தேன். பத்து நிமிடம் கழித்து அண்ணன் எழுந்து பாத்ரூம் போனார். திரும்பி வரும்போது அவர் கையில் நிறைந்த கிளாஸ் இருந்தது. அவரே வாங்கியது.

மேசையில் யாரும் எதுவும் சொல்லவில்லை. கிரிக்கெட் பேசினோம்.

திரும்பும்போது ரயிலில் நண்பனிடம் கேட்டேன். "விடுடா. நிஜமாவே போதும்னு தோணியிருக்கும், அப்புறம் ஆசை வந்திருக்கும். நீயா ஏன் நினைச்சுக்கிற?" என்றான். நியாயமான பதில். என்னால் மறுக்க முடியவில்லை. அதுதான் இதில் உள்ள கொடுமை. அலுமினிய டம்ளரைப் போட்டோ எடுக்கலாம், உடைக்கலாம், வழக்குப் போடலாம். கிளாஸ்மேல் மூடிய உள்ளங்கையை என்ன செய்வது? சாட்சி இல்லாத தீண்டாமை இது. அனுபவித்தவனே, நான்தான் தப்பாக நினைக்கிறேனோ என்று தன்னைத்தானே குறுக்கு விசாரணை செய்துகொண்டு ரயிலில் உட்கார்ந்திருப்பான்.

இந்த இடத்தில் இன்னொரு பப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். பர்மிங்காம் பக்கத்தில் ஸ்மெத்விக் என்று ஒரு ஊர். வார்ப்பாலைகளில் வேலை செய்யப் பஞ்சாபிகள் நிறையப் பேர் வந்து குடியேறிய இடம். அங்கே பல பப்புகளில் நிறத்தடை இருந்தது. சில இடங்களில் உள்ளேயே விடமாட்டார்கள். சில இடங்களில் பொது அறையில் மட்டும் குடிக்கலாம், மெத்தை போட்ட அறைக்குள் போகக்கூடாது. இந்தியத் தொழிலாளர் சங்கத்தின் அவதார் சிங் ஜூஹல் அதை எதிர்த்துப் போராடியவர். 1965 பிப்ரவரி 12 அன்று அவர் அழைப்பில் மால்கம் எக்ஸ் ஸ்மெத்விக் வந்தார். இருவரும் 'ப்ளூ கேட்ஸ்' என்ற பப்புக்குப் போனார்கள். வெள்ளையருக்கென்று இருந்த அறையில் அவர்களுக்குப் பரிமாற மறுத்தார்கள். ஒன்பது நாள் கழித்து நியூயார்க்கில் மால்கம் எக்ஸ் கொல்லப்பட்டார். அதே ஆண்டு பிரிட்டனில் முதல் இன உறவுச் சட்டம் வந்தது. பப் போன்ற பொது இடங்களில் நிறம் பார்த்து மறுப்பது சட்டவிரோதமானது.

நான் உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புவது அந்தச் சங்கம் செய்த வேலையை. மால்கம் எக்ஸ் ஒரு நாள் வந்துபோனார். இவர்கள் வருடக்கணக்கில் செய்தார்கள். பர்மிங்காம் பல்கலைக்கழக மாணவர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். வெள்ளை மாணவர்களும் இந்தியத் தொழிலாளிகளும் ஒரே பப்புக்குள் போவார்கள். வெள்ளை மாணவனுக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டு இந்தியனுக்கு மறுத்தால், அந்த மாணவனே சாட்சி. லைசென்ஸ் புதுப்பிக்க வரும்போது அந்தச் சாட்சியத்தை வைத்து ஆட்சேபம் தெரிவிப்பார்கள். மறுக்கப்பட்டவன் மட்டும் புகார் சொன்னால், "நீயா நினைத்துக்கொண்டாய்" என்று சொல்லிவிடலாம். மறுக்கப்படாதவனும் கூட நின்று, "நான் பார்த்தேன்" என்று சொன்னால் தட்டிக்கழிக்க முடியாது. அந்தப் போராட்டத்தின் பாதிப் பலம் அந்த இரண்டு வார்த்தை.

நிறத்துக்குச் சட்டம் வந்தது. சாதிக்கு? பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டத்தில் சாதியைச் சேர்ப்பதற்கு ஒரு பிரிவு வைத்தார்கள், சேர்க்கலாம் என்று. 2013இல் நாடாளுமன்றம் அதைச் சேர்த்தே ஆக வேண்டும் என்று மாற்றியது. 2018இல் அரசு, நீதிமன்றத் தீர்ப்புகளே போதும், தனியாகச் சேர்க்கத் தேவையில்லை என்று சொல்லிவிட்டது. சேர்க்கக்கூடாது என்று முனைப்பாக நின்றவர்கள் யார்? வெள்ளைக்காரர்களா? பெரும்பாலும் நம் ஆட்களின் அமைப்புகள். "இங்கே சாதியே இல்லை, சட்டம் போட்டால்தான் சாதி வரும்" என்றார்கள். பஸ்ஸில் தன்மேல் ஊற்றிய தண்ணீரை இருபது வருடம் மறக்காத அண்ணனுக்கு, பெரியம்மா ஊரின் ரோடும் மறக்கவில்லை. இரண்டும் ஒரே மனிதருக்குள் இருக்க முடிகிறது. அதைப் புரிந்துகொள்ளாமல், இனவெறியை எதிர்க்கிறவர் சாதியையும் எதிர்ப்பார் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கக் கூடாது.

1927 மார்ச் 20 அன்று மகத் குளத்தில் அம்பேத்கர் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தார். தாகத்துக்காகக் குடிக்கவில்லை, உரிமைக்காகக் குடித்தார். ஆனால் அதே அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் ஒரு எச்சரிக்கையும் செய்கிறார். சேர்ந்து உண்பதால் மட்டும் சாதி சாகாது, பல இடங்களில் சேர்ந்து உண்டும் சாதி உணர்வு அப்படியே இருக்கிறது. கலப்பு மணம்தான் உண்மையான மருந்து, அதைத் தடுக்கிற சாஸ்திர நம்பிக்கையை உடைக்க வேண்டும் என்கிறார். அந்தப் பப் எனக்கு அதைத்தான் கண்முன்னே காட்டியது. ஒரே மேசை, ஒரே கிளாஸ், ஒரே மெஷினில் கழுவுகிறார்கள். எல்லாம் கிடைத்தது. ஆனாலும் ஒரு கேள்வி போதும், மேசைக்கு நடுவில் ரோடு வந்து படுத்துக்கொள்கிறது. கடைக்காரர் தடுப்பை எடுத்துவிட்டார். நாம் ஊரிலிருந்து சூட்கேஸில் கொண்டுவந்து மறுபடியும் வைக்கிறோம்.

இங்கே இருக்கிற தோழர்கள் பலர் ஐ.டி.யில் இருக்கிறீர்கள். நாளைக்கு பெங்களூரு போவீர்கள், லண்டன் போவீர்கள், டொராண்டோ போவீர்கள். நல்ல பப்பில் நல்ல பீரோ, பிடிக்காவிட்டால் எலுமிச்சை சோடாவோ குடிப்பீர்கள். அந்த மேசையில் யாராவது ஒருவர், "சொந்த ஊர்ல எங்க? என்ன குலசாமி? ரோட்டுக்கு எந்தப் பக்கம்?" என்று ஆரம்பிப்பார். அப்போது ரோட்டுக்கு இந்தாண்ட இருந்து வந்த தோழர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. அந்தக் கேள்வியை அங்கேயே நிறுத்துங்கள். "எதுக்குண்ணா கேக்குறீங்க?" என்று நீங்கள் கேளுங்கள். நாங்கள் கேட்டால் அது தாழ்வு மனப்பான்மை என்பார்கள். நீங்கள் கேட்டால் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். ஸ்மெத்விக் மாணவர்கள் செய்தது அதுதான். அவர்களுக்குக் கிளாஸ் கிடைத்துவிட்டது. ஆனாலும் அதைக் குடித்துவிட்டுக் கிளம்பிப் போகவில்லை.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின வாரம், அதே பப்புக்கு நானும் என் அறை நண்பனும் மட்டும் போனோம். அவன் ரோட்டுக்கு இந்தாண்ட வீட்டுப் பையன்தான். பாதி பைன்ட் வரை எதுவும் பேசவில்லை. அப்புறம் கிளாஸைப் பார்த்துக்கொண்டே, "அன்னிக்கு நான் பார்த்தேன்டா" என்றான்.

"எத?"

"அண்ணன் கிளாஸ மூடுனத. அன்னிக்கே பார்த்தேன். ரயில்ல உங்கிட்ட சும்மா சொன்னேன்."

எட்டு மாதம் ஆகியிருந்தது. எட்டு மாதம் நான் என்னையே விசாரித்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு வார்த்தையில் வழக்கு முடிந்தது. தீர்ப்பு வந்த மாதிரி இருந்தது. அவன்மேல் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. எழுந்துபோய் அந்த ரவுண்டை நான்தான் வாங்கினேன். இரண்டு போர்ட்டர். அவன் வாங்கிக் குடித்தான்.

மார்க் கேட்டீர்கள் என்றால், பீருக்கு எட்டு, கடைக்கு ஏழு, அதில் மாற்றம் இல்லை. எங்கள் மேசைக்கு அன்றைக்குப் பூஜ்யம். எட்டு மாதம் கழித்துப் பாஸ் மார்க் வாங்கியது. நீங்கள் உட்காருகிற மேசையில் எட்டு மாதம் ஆக்காதீர்கள் தோழர்களே. "நான் பார்த்தேன்" என்பதை அன்றைக்கே, அந்த மேசையிலேயே, அந்த அண்ணன் காதில் விழும்படி சொல்லுங்கள்.